ரெண்டு அடைக்கலம்

மாடி வீடு பார்க்க வந்தீங்களா? உக்காருங்க, இப்படிப் படியிலேயே உக்காருங்க. சாவி மாடி அக்காகிட்டதான் இருக்கு. ரெடிமேட் கடையில வேலை பார்க்கிறாங்க, அஞ்சு மணி மினி பஸ்ஸுக்கு வந்துடுவாங்க. அப்பா நேத்துதான் கேட்ல அட்டையைக் கட்டினார், இன்னிக்கே ஆள் வந்தாச்சு. 'வீடு வாடகைக்கு'ன்னு கோணலா எழுதியிருக்கே, அது என் கையெழுத்துதான். அறந்தாங்கியிலயே இவ்வளவு மட்டமா எழுதுற பையன் வேற கிடையாதுன்னு எங்க தமிழ் ஐயா சொல்லுவார்.

என்ன, பேச மாட்டீங்களா? மாடியைப் பார்த்துக் கையை மட்டும் காட்டுறீங்க. தொண்டை கட்டியிருக்கா? சரி, நீங்க பேசவே வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நானே பேசிடுவேன். இந்தாங்க, தண்ணி குடிங்க.

அக்கா வர்ற வரைக்கும் ஒரு கதை சொல்றேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க. ஆனா சிரிப்பு கடைசியிலதான் இருக்கு. இப்பவே எடுத்துச் சொல்லிட்டா உப்புச் சப்பில்லாம போயிடும். அதனால முதல்லேருந்து வர்றேன். நடுவுல சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கிட்டு உக்காந்திருங்க.

முதல்ல நெட்டு. வாடகைக்கு வர்றவங்ககிட்ட இதைச் சொல்லணும்னு அப்பா சொல்லியிருக்கார். இந்த வீட்டுக்கு நெட்டு உண்டு, மாடிக்கும் உண்டு, அதுக்குன்னு தனியா எதுவும் கேட்க மாட்டோம். செல்போன் சிக்னலை நம்பினீங்கன்னா மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னுதான் ஹலோ சொல்லணும். அதனால வீட்டு லைன்தான் எல்லாத்துக்கும். லைன் முதல்ல எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, சர்வர். அப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரில்ல, ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின பெட்டியை எனக்குன்னு தூக்கிட்டு வந்தார். நான்தான் அதுக்குள்ள வயர்லெஸ் கார்டைச் சொருகி, ஆன்டெனாவை மாடிப்படி ஜன்னல்ல கட்டி, கீழ்வீட்டு நெட்டை மேல ஏத்தினேன். கடையில வாங்குற சின்ன டப்பா இந்தத் தளத்தைத் தாண்டலை. என் பெட்டி தாண்டிடுச்சு.

அதாவது, மாடியில நெட்டு ஓடணும்னா என் கம்ப்யூட்டர் ஓடணும். நான் அணைச்சா மாடி இருட்டு. நான் குறைச்சா மாடியில ஓட்டம் குறையும். புரியுதில்ல? இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. கதையே இதுலதான் இருக்கு.

ரெண்டாவது, நான். என் பேரு கிஷோர். பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு வீட்டுல சும்மா இருக்கேன். எனக்கு யார் குரலும் வரும். ஒரு தடவை கேட்டாப் போதும். எங்க ஹெட்மாஸ்டரைக் கேட்கிறீங்களா? "ஏய்... பின்னாடி வரிசை... நீதாம்பா... நீ சிரிக்கிறது எனக்கு முதுகுலயும் தெரியும்பா." அப்படியே அவர்தான். மினி பஸ் கண்டக்டர்? "ஏறு ஏறு ஏறு, உள்ள போ, உள்ள போங்கம்மா, உள்ள மைதானமே கிடக்கு." எங்க அப்பா குரல்ல பக்கத்து ரூம்ல இருந்து "ஏம்மா, ஒரு டீ"ன்னு கேட்டு வாங்கிக் குடிப்பேன். அம்மா டீயைக் கொண்டாந்து அப்பாவைத் தேடும். அப்பா கடையில இருப்பார்.

சிரிக்கவே மாட்டீங்களா? சரி, விடுங்க. பெரிய சிரிப்பு பின்னாடி இருக்கு.

மூணாவது, மாடி அக்கா. பேரு சுகந்தி. வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வீட்டுக்காரர் வெளிநாட்டுல கம்பி கட்டுற வேலை. பேரு அடைக்கலம். அவர் அங்க போனதுக்கப்புறம்தான் அக்கா இங்க குடி வந்தாங்க, அதனால அவரை நாங்க யாரும் நேர்ல பார்த்ததில்லை. மேல சுவத்துல கல்யாண போட்டோ இருக்கு. நல்ல குண்டா, மீசையைக் கத்தை மாதிரி விட்டுக்கிட்டு, தலை நிறைய முடியோட நிப்பார். பக்கத்துல அக்கா அவர் தோள் உசரம்கூட இருக்க மாட்டாங்க.

நான் குரல் எடுத்தா முதல்ல சிரிக்கிற ஆள் அக்காதான். துணி காயப்போட வாளியோட போறவங்க, வாளியை வச்சிட்டு இந்தப் படியில உக்காந்து சிரிப்பாங்க. நீங்க உக்காந்திருக்கிற இதே படி. ஒருநாள் சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க திடீர்னு நிறுத்திட்டு, "கிஷோரு, யார் குரலை வேணா எடு. அவர் குரலை மட்டும் எடுத்துடாதே. எனக்கு அவர்கிட்டேருந்து இருக்கிறது அது ஒண்ணுதான்"னாங்க. நான் சொன்னேன், "அவர் குரலை நான் கேட்டதே இல்லையேக்கா." அன்னிக்கு அது உண்மைதான்.

எப்படிக் கேட்டேன்கிறதுதான் அடுத்தது.

அவர் இருந்த நாட்டுல செல்போன்ல நெட்டு வழியாப் பேசுறதை அடைச்சு வச்சிருக்காங்க. எழுத்து போகும், போட்டோ போகும், பேச்சு போகாது. காசு போட்டுப் பேசினா ரெண்டு நிமிஷத்துல சாப்பாட்டுக் காசு போயிடும். அக்கா என்கிட்ட வந்து, "ஏதாவது பண்ண முடியுமாடா"ன்னு கேட்டாங்க. முடியாதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. என் சர்வர்ல ஒரு அறை கட்டினேன். சுவரு, கதவு எல்லாம் இல்லை, பேச்சுக்கான அறை. அங்கேருந்து அவர் ஒரு முகவரியைப் போட்டா நேரா என் கம்ப்யூட்டருக்குள்ள வந்து உக்காருவார். இங்கேருந்து அக்கா மாடி நெட்டுல அதே அறைக்குள்ள வருவாங்க. ரெண்டு பேரும் பேசிக்கலாம். உள்ள வரும்போது பேரு கேட்கும். என்ன பேரு அடிக்கிறோமோ அந்தப் பேரு தெரியும். அவர் 'அடைக்கலம்'னு அடிப்பார். அக்கா 'சுகந்தி'ன்னு அடிப்பாங்க. ஒருத்தர் உள்ள வந்தா அடுத்தவங்க போன் கூவும். அவ்வளவுதான். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. படத்துக்கு லைன் பத்தாது, குரல் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்குப் பேச ஆரம்பிப்பாங்க. அறை என் கம்ப்யூட்டர்ல இருக்கு, ஸ்பீக்கரும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. நான் என்ன பண்றது? காதைப் பொத்திக்கவா?

அவர் குரலைப் பிடிக்கிறது லேசு. பேசுறதுக்கு முன்னாடி தொண்டைக்குள்ள ஒரு சின்ன செருமல். அப்புறம் "கேளு." எதுக்கெடுத்தாலும் "கேளு"தான். சுகந்தின்னு முழுசாக் கூப்பிட மாட்டார், "கந்தி"ம்பார். "க்ஹ்ம்... கேளு கந்தி. இன்னிக்கு நல்ல வெயிலு. கம்பியைத் தொட்டா தோல் ஒட்டிக்கிது." பார்த்தீங்களா? நிமிர்ந்துட்டீங்க. நல்லாயிருக்கில்ல? எல்லாரும் அப்படித்தான் நிமிருவாங்க.

முதல் விளையாட்டு ரொம்பச் சின்னது. தீபாவளிக்கு முன்னாடி. ஒரு வியாழக்கிழமை நான் அறைக்குள்ள போய் 'அடைக்கலம்'னு பேரு அடிச்சேன். மேல அக்கா போன் கூவுச்சு. ஓடிவந்து எடுத்தாங்க. "க்ஹ்ம்... கேளு கந்தி. கீழ்வீட்டுப் பையனாலதான நாம இப்படிப் பேசுறோம். தீபாவளிக்கு அவனுக்கு அதிரசம் சுட்டுக் குடு. நல்ல பையன்." அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் தூக்குச் சட்டி நிறைய அதிரசம் வந்துச்சு. "உங்க அண்ணன் சொன்னார்டா"ன்னாங்க. நான் முகத்தை எவ்வளவு கஷ்டப்பட்டு வச்சிருந்தேன் தெரியுமா? அம்மா ரெண்டு தின்னுட்டு, "அந்தத் தம்பிக்கு என்ன தங்கமான மனசு"ன்னுச்சு.

அப்புறம் அது ருசியாயிடுச்சு. அதிரசத்தைச் சொல்லலை. குரலு. வாரத்துல ஒருநாள் அவர் பேசுவார், ஒருநாள் நான் பேசுவேன். என்ன கொஞ்சம் மாறினாலும் லைன் மேல பழி போட்டுடலாம். "குரல் ஒரு மாதிரி இருக்குதே"ம்பாங்க. "லைன் சரியில்லை கந்தி"ம்பேன். அக்கா ஏதாவது எக்குத்தப்பாக் கேட்டா மாடி நெட்டை அணைச்சிடுவேன். ஒருதடவை, "நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை வந்துச்சே, எங்க ஒதுங்கினோம், ஞாபகம் இருக்கா"ன்னாங்க. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும், எனக்கு அப்ப பத்து வயசுகூட ஆகியிருக்காது. டப்புனு அணைச்சேன். ரெண்டு நிமிஷத்துல படியில தடதடன்னு இறங்கி வந்து என்கிட்டயே, "கிஷோரு, லைன் போச்சுடா, கொஞ்சம் பாருடா, முக்கியமான பேச்சுடா"ங்கிறாங்க. நான் பெட்டிக்குப் பின்னாடி போய் வயரை ஆட்டிப் பார்க்கிற மாதிரி ஆட்டிட்டு, "மேல கம்பெனியில கோளாறுக்கா, சரியாக ராத்திரி ஆகும்"னேன். அப்படியே என் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தாங்க.

இது சிரிப்பு இல்லைங்க. சிரிப்பு இன்னும் வரலை.

ஒரு வெள்ளிக்கிழமை என்ன ஆச்சுன்னா, ரெண்டு அடைக்கலம் ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்துல மழை லீவு விட்டாங்க, நான் மத்தியானமே வந்துட்டேன். அவர் வழக்கமா சாயங்காலம்தான வருவார், அதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிடலாம்னு உள்ள போயிட்டேன். அக்காகிட்ட ஏதோ குழம்பு பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். திடீர்னு அறைக்குள்ள இன்னொரு 'அடைக்கலம்' வந்து நிக்குது. என் பேருக்குக் கீழயே அதே பேரு. எனக்கு வேர்த்துடுச்சு. அவர் என்னைக்கும் அந்த நேரத்துல வந்ததே இல்லை. மூச்சு வாங்குது அவருக்கு. பின்னாடி நிறையப் பேர் சத்தம். "கந்தி, கேளு, இங்க எங்களை..." அவ்வளவுதான் வந்துச்சு. நான் அவரை வெளியில தள்ளிட்டேன். அறை என்னுதுதான, யாரை வேணா தள்ளலாம், ஒரு அமுக்குதான். தள்ளிட்டு மறுபடி உள்ள வரமுடியாதபடி அடைச்சும் வச்சேன். ஒரு அறையில ரெண்டு அடைக்கலம் இருந்தா என் கதி என்ன ஆகும்?

அக்கா பதறிட்டாங்க. "என்னங்க, என்ன சொன்னீங்க, எங்களைன்னா? யாரு எங்களை?" நான் செருமிட்டு, "கேளு கந்தி, எங்களை நாளைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்ல வந்தேன்"னேன். எப்படி? நின்ன நிலையில எடுத்துவிட்டேன். என் பிரண்ட்ஸ்கிட்ட இதை மட்டும் பத்துத் தடவை சொல்லிக் காட்டியிருக்கேன்.

ஐயோ, டம்ளர். விடுங்க, விடுங்க, ஸ்டீல் டம்ளர்தான், ஒண்ணும் ஆகாது. ஈரம் தன்னால காஞ்சிடும். சாப்பிட்டீங்களா இல்லையா? விரல் ரெண்டும் அப்படியே மடங்கியே இருக்கே, அடிபட்டதா? எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வாதத்துல மடங்கிக்கிச்சு. உங்க வயசுதான் அவருக்கும்.

சாயங்காலமே அடைப்பை எடுத்துட்டேங்க. அவ்வளவு கெட்டவன் இல்லை. ஆனா அதுக்கப்புறம் அவர் வரவே இல்லை. அடுத்த வெள்ளி வரலை, அதுக்கடுத்த வெள்ளியும் வரலை. கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். இல்லாட்டி புது போன் வாங்கி முகவரியைத் தொலைச்சிருப்பார். அக்கா அனுப்புற எழுத்தெல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குதுன்னு என்கிட்ட வந்து காட்டினாங்க. வெள்ளிக்கிழமை ஆனா போனைக் கையில வச்சுக்கிட்டு மாடிப்படி ஜன்னல்கிட்ட, என் ஆன்டெனாவுக்குப் பக்கத்துல போய் நிப்பாங்க. கிட்ட நின்னா நல்லா வரும்னு நினைப்பு. பார்க்கவே பாவமா இருந்துச்சு.

அதனாலதான் நான் முழுசா இறங்கினேன். நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? ஒருத்தர் பேச மாட்டேங்கிறார். ஒருத்தங்க கேட்கத் தவிக்கிறாங்க. என்கிட்ட குரல் இருக்கு. வெள்ளிக்கு வெள்ளி போனேன். "போன் உடைஞ்சுபோச்சு கந்தி, கேம்ப் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து பேசுறேன், அதனால எழுத்தெல்லாம் அனுப்ப முடியாது." பணம் ஏன் வரலைன்னு கேட்டாங்க. "கம்பெனி பிடிச்சு வச்சிருக்கு, மொத்தமா தருவாங்க." ரெடிமேட் கடைக்கு வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டாங்க. "போ"ன்னேன். புருஷன்காரர் மாதிரி கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் சொன்னேன். அக்காவுக்கு அதுல ஒரு திருப்தி.

சில நாள் அழுவாங்க. "உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடுது"ம்பாங்க. அழுகை எனக்குப் பிடிக்காது. ஓட்டத்தைக் குறைச்சிடுவேன், விட்டு விட்டுக் கேட்கும். அப்புறம் அக்காவே நிறுத்திடுவாங்க.

நடுவுல மாட்டிக்கப் பார்த்தேன். அக்காவோட அண்ணன் ஒருத்தர் பேராவூரணியில இருக்கார், குழந்தைவேல்னு பேரு. உரக்கடை. மூக்கால பேசுவார். "என்னாத்தா இது, பணமும் வரலை, முகத்தையும் காட்ட மாட்டேங்கிறான், எனக்கு என்னமோ சரியாப் படலை. வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம், என் புருஷனைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு குடு." திங்கக்கிழமைதான அங்க மனு வாங்குவாங்க. அக்கா மனுவெல்லாம் எழுதி, போட்டோ ஒட்டி, எங்க கடையிலயே ஜெராக்ஸ் எடுத்தாங்க. அந்த ஜெராக்ஸை நானே பார்த்தேன். கல்யாண போட்டோவுல இருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தாங்க, ஒரு ஓரத்துல அக்கா மாலையில இருந்து ஒரு பூ தெரிஞ்சுச்சு.

மனு போச்சுன்னா என்ன ஆகும்? விசாரிப்பாங்க. எங்கேருந்து பேசுறார்னு பார்ப்பாங்க. நேரா என் பெட்டிக்கு வந்து நிப்பாங்க. அப்பா தோலை உரிச்சுடுவார். ஞாயித்துக்கிழமையே உள்ள போனேன். கோவமா பேசணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன். அவர் கோவப்பட்டு நான் கேட்டதே இல்லை, நானாத்தான் செஞ்சுக்கிட்டேன். "கேளு. மனு கினு குடுத்தேன்னு தெரிஞ்சா கம்பெனியில என்னைத் தொலைச்சிடுவான். உனக்கு நான் வேணுமா, மனு வேணுமா?" அப்புறம், "நீங்கதாங்க வேணும்"னாங்க. திங்கக்கிழமை குழந்தைவேல் அண்ணன் பைக்கோட வந்து வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறார், அக்கா கீழயே வரலை. "என்னாத்தா, வா ஆத்தா." மாடியிலேருந்து, "நீ போண்ணே. அவர் வேண்டாம்னுட்டார்." மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே. சைக்கிள் டியூப்ல காத்து போன மாதிரி.

இதுவும் சிரிப்பு இல்லை. இது சிரிப்புக்கு முந்தினது. இப்ப வருது பாருங்க.

பொங்கல் கழிஞ்சு ஒருநாள், சனிக்கிழமை. நான் வீட்டுல இருக்கேன். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தார். வழுக்கைத் தலை, கக்கத்துல பை. இந்தப் படியில ஏறுறதுக்குள்ள மூணு தடவை நின்னு மூச்சு விட்டார். நானும் பின்னாடியே பூனை மாதிரி ஏறி, திருப்பத்துல நின்னு கேட்கிறேன். அவர் குரல் எப்படின்னா, ஒவ்வொரு வார்த்தைக்கும் முத்திரை குத்துவார். "அம்மா. இந்த அடைக்கலம் என்பவர். உங்கள் கணவரா." ஆமாங்கிறாங்க. "அவரை அந்த நாட்டில். வேலைக்குச் சென்ற இடத்தில். பிடித்து அடைத்து வைத்திருப்பதாக. தகவல் வந்திருக்கிறது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லையாம். அங்குள்ள நம்மவர்கள் யாரோ எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால். மேலே அனுப்பி. அவரை மீட்க நடவடிக்கை எடுக்கலாம்."

அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? சிரிச்சாங்க. "சார், அவர் நேத்து சாயங்காலம்கூட என்கிட்ட பேசினார் சார்."

நேத்து பேசினது நான்.

எனக்கு அங்கேயே சிரிப்பு தாங்கலை. வாயைப் பொத்திக்கிட்டேன். வேற எந்த அடைக்கலத்துக்கோ வந்த காகிதம் வழிதவறி இங்க வந்திருக்கு. நம்ம பக்கம் வீதிக்கு ஒரு அடைக்கலம் உண்டே. ஆபீஸ்ல இருந்து வந்தவர் விடமாட்டேங்கிறார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அப்பா பேரு, ஊரு, எல்லாம் சரியாக இருக்கிறது." அக்கா முகம் லேசா மாறுச்சு. "அப்படியா சார், எதுக்கும் எழுதிக் குடுத்துடவா?"ன்னு இழுத்தாங்க. பேனாவைக் கையில வாங்கிட்டாங்க.

அப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. ஒரே ஓட்டம் கீழ. பெட்டி முன்னாடி உக்காந்தேன், மைக்கை எடுத்தேன், 'அடைக்கலம்'. மேல போன் கூவுது. அக்கா குரல் எப்படி ஆயிடுச்சுங்கிறீங்க, "சார், அவர்தான் சார், அவரே கூப்பிடுறார் சார்!" எடுத்ததும் என்கிட்ட, "என்னங்க, இங்க ஒருத்தர் வந்திருக்கார், உங்களைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்காங்கன்னு சொல்றார்ங்க"ன்னாங்க. "அவர்கிட்ட குடு கந்தி"ன்னேன். குடுத்துட்டாங்க. அந்த வழுக்கைத் தலையும் வாங்கிட்டார்.

"க்ஹ்ம்... ஐயா, வணக்கம்யா. கேளுங்க. நான் அடைக்கலம்தான்யா பேசுறேன். நல்லா இருக்கேன்யா. மூணு வேளை சோறு, ஏசி ரூமுய்யா. எவனோ வேலையத்தவன் விளையாடுறான்யா."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? என்கிட்டே? "தொந்தரவுக்கு. மன்னிக்கணும் சார்." என்னை சார்னார்ங்க. அப்புறம் எழுதுறார், எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுறார், எனக்கு ஸ்பீக்கர்ல தெளிவாக் கேட்குது. "மேற்படி நபர். வாரந்தோறும். மனைவியுடன் தொலைபேசியில் பேசி வருகிறார். தகவல் உண்மையல்ல. நானே நேரில் பேசி. உறுதி செய்தேன்." அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. அவர் இறங்கிப் போகும்போது நான் கேட்டைத் திறந்துவிட்டேன். "நல்ல பையன்"னு முதுகுல தட்டிட்டுப் போனார்.

இதுதாங்க. இதுதான் சிரிப்பு. கவர்ன்மென்டே என்கிட்ட பேசிட்டு, நான் நல்லா இருக்கேன்னு எழுதிக்கிட்டுப் போச்சு.

என்னங்க? சரியாச் சொல்லலையா நான்? எல்லாரும் அந்த 'மன்னிக்கணும் சார்'லயே விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நீங்க என்ன படியோட கம்பியை இப்படிப் பிடிச்சிருக்கீங்க? துருப்பிடிச்ச கம்பி, கையைக் கிழிச்சிடும். உங்களுக்குக் குரல் புரியலையோ என்னமோ, நீங்க அந்த ஆளுங்களைப் பார்த்ததில்லையில்ல, அதான்.

அதுக்கப்புறம் எனக்குப் பரீட்சை. நிறுத்திட்டேன். ஒரே குரலை எத்தனை மாசம் பண்றது, சலிச்சுப்போச்சு. "கந்தி, வேற ஊருக்கு மாத்துறாங்க, அங்க நெட்டு இல்லை, நீ உங்க அண்ணன் வீட்டுல போய் இரு"ன்னு சொல்லி முடிச்சேன். அதான் வீடு காலி பண்றாங்க. மாடி காலியாகுதுன்னா அதுக்கும் நான்தான் காரணம். உங்களுக்கு வீடு கிடைக்குதுன்னா நீங்க எனக்குத்தான் அதிரசம் குடுக்கணும். அக்கா போகப்போறாங்க, நீங்க அசலூரு. அதான் உங்ககிட்ட சொன்னேன். அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.

போன வாரம் பாத்திரம் கட்ட சாக்கு கேட்டு வந்தாங்க. அந்தக் கல்யாண போட்டோவைப் பழைய சேலையில சுத்திக் கையில வச்சிருந்தாங்க, சாக்குல போடலை. "அவர் வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவார் கிஷோரு. பேராவூரணி விலாசத்தைக் குடுத்துட்டுப் போறேன், மறக்காம குடுத்துடு"ன்னாங்க. சரின்னு வாங்கி வச்சிருக்கேன்.

பையில என்னங்க அது, கைப்பிடியில நீளமா ஒரு காகிதம் ஒட்டியிருக்கு? பிளேன்ல போடுவாங்களே, அது மாதிரி இருக்கு. ஒரு பாலித்தீன் பையைத் தூக்கிக்கிட்டு யாரு பிளேன்ல வருவாங்க. எங்கேயாவது கீழ கிடந்து எடுத்தீங்களா?

மினி பஸ் வந்துடுச்சு. கேட்குதா, "உள்ள போங்கம்மா, உள்ள மைதானமே கிடக்கு." நான் பண்ணலை, இது நிஜமாவே அவர்தான். அதோ அக்கா இறங்கிட்டாங்க. கேட்டைத் திறக்கிறாங்க. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி? திரும்புங்க. வீடு பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. தலையைக் குனியாதீங்க, அக்கா நல்லவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

"க்ஹ்ம்... கேளு கந்தி. இங்க எங்களை வண்டியில ஏத்துறாங்க. எங்க கொண்டுபோறாங்கன்னு தெரியலை. நீ நாளைக்கே போயி மனு குடு."

அக்கா.

அக்கா, என்னை ஏன் பார்க்கிறீங்க? நான் வாயையே திறக்கலை. கேட்கிட்ட ஏன் நின்னுட்டீங்க, உள்ள வாங்க. இவர்தான் பேசினார், இந்தப் பெரியவர், வீடு பார்க்க வந்தவர். பெரியவரே, திரும்புங்க, திரும்பி நீங்கதான்னு சொல்லுங்க.

அப்படிப் பார்க்காதீங்கக்கா. சத்தியமா சொல்றேன். இந்தத் தடவை நான் இல்லக்கா.